மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? இண்டர்வியூவில் வரும் விநோதக் கேள்விகளைச் சமாளிப்பது எப்படி?

டிகிரி முடித்தாகி விட்டது. பயோ-டேட்டாவைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து, எழுத்துப் பிழை பார்த்து, பிரிண்ட் எடுத்தாகி விட்டது. சான்றிதழ்கள் ஃபைலில் வரிசையாக இருக்கின்றன. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் மனப்பாடம். இண்டர்வியூ அறைக்குள் நுழைகிறீர்கள். எதிரில் இருப்பவர் உங்கள் முகவரியைப் பார்க்கிறார். பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கேட்பது இதுதான்:

"உங்கள் ஊர் ரஞ்சன்குடியா? அங்கே ஒரு கோட்டை இருக்கிறதே, அதைக் கட்ட எத்தனை கல் ஆகியிருக்கும்?"

என்ன செய்வீர்கள்? 'தெரியாது சார்' என்று சொல்லி விடுவீர்களா? வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்வீர்களா? இரண்டுமே தவறு. இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்று ஒரு வழிமுறை இருக்கிறது. அது தெரியாததால், பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கூட இந்த இடத்தில் திகைத்து நின்று விடுகிறார்கள். குறிப்பாக, வீட்டிலேயே முதன் முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்களுக்கு, இப்படியெல்லாம் கேட்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் கிடையாது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுபவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரை இதற்குப் பயிற்சிக் கருவியாக எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் பார்ப்போம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

விநோதக் கேள்வி என்பது சாஃப்ட்வேர் கம்பெனிகள் கண்டுபிடித்தது அல்ல. 1921ம் ஆண்டிலேயே தாமஸ் ஆல்வா எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்குச் சுமார் 150 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். பிரான்ஸைச் சுற்றியுள்ள நாடுகள் எவை என்பது போன்ற பொது அறிவுக் கேள்விகள் அதில் இருந்தன. அந்தத் தாள் பத்திரிகைகளில் வெளியாகி அமெரிக்கா முழுவதும் பேச்சானது. அந்தச் சமயத்தில் அங்கே சென்றிருந்த ஐன்ஸ்டீனிடம், அதிலிருந்து ஒரு கேள்வியாக ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் விஷயத்தைத் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

பின்னாளில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி இதை வேறு திசைக்குத் திருப்பியது. ஒருவருக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதற்குப் பதிலாக, தெரியாத ஒன்றை எப்படி யோசிக்கிறார் என்று பார்க்கத் தொடங்கியது. 'பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது?' என்ற கேள்வி அப்படித்தான் உலகப் புகழ் பெற்றது. இந்தக் கேள்விகளைப் பற்றி வில்லியம் பவுண்ட்ஸ்டோன் என்பவர் 2003ல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

2004ல் கூகுள் இன்னும் ஒரு படி மேலே போனது. கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தது. அதில் கம்பெனியின் பெயர் கூடக் கிடையாது. 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் 'ஈ' என்ற கணித எண்ணில், அடுத்தடுத்து வரும் இலக்கங்களில் முதலாவதாக அமையும் பத்து இலக்கப் பகா எண் எது என்பதுதான் புதிர். விடை 7427466391. அதையே வெப்சைட் முகவரியாக டைப் செய்தவர்களுக்கு அடுத்த புதிர் கிடைத்தது. அதையும் விடுவித்தவர்களிடம் கூகுள் பயோ-டேட்டா கேட்டது.

நம்மவர்கள் இருவர் சந்தித்த கேள்விகள்

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுள் இண்டர்வியூவுக்குப் போன நாள் 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவிக்கப்பட்டதும் அதே நாள்தான். இண்டர்வியூவில் ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அது முட்டாள்கள் தின விளையாட்டு என்று அவர் நினைத்துக் கொண்டிருந்தார். அதை அவர் பார்த்ததும் இல்லை. முதல் சிலரிடம், தான் அதைப் பயன்படுத்தியதில்லை, எனவே பதில் சொல்ல இயலவில்லை என்றார். நான்காவதாக வந்தவர், ஜிமெயிலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும் அதைக் காட்டினார். ஐந்தாவதாக வந்தவர் அதே கேள்வியைக் கேட்டபோது பிச்சையால் பதில் சொல்ல முடிந்தது. 2017 ஜனவரியில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மாணவர்களிடம் பேசும்போது அவரே இதைச் சொன்னார்.

இதில் நமக்கு என்ன பாடம்? பார்க்காத பொருளைப் பார்த்தது போல அளந்து விடவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். தெரிந்து கொள்ள வாய்ப்புக் கிடைத்ததும் யோசித்துப் பேசினார்.

இன்னொருவர், ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யா நாதெள்ளா. 1992ல் மைக்ரோசாஃப்டில் சேருவதற்கான இண்டர்வியூவில் அவரிடம் கேட்ட கேள்வி: 'தெருவில் ஒரு குழந்தை கிடந்து அழுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?' இதில் ஏதோ கணக்கு ஒளிந்திருக்கிறது என்று எண்ணிய நாதெள்ளா, அவசர போன் எண்ணான 911ஐ அழைப்பேன் என்றார். கேட்டவர் எழுந்து வந்து, அழுகிற குழந்தையை முதலில் தூக்க வேண்டும் என்று அறிவுரை சொல்லி அனுப்பி விட்டார். வேலை போய் விட்டது என்றே நாதெள்ளா நினைத்தார். ஆனாலும் கிடைத்தது. 2014ல் அதே கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். 2017ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை அவர் எழுதியிருக்கிறார்.

இரண்டு விஷயங்களை இங்கே குறித்துக் கொள்ளுங்கள். ஒன்று, எல்லா விநோதக் கேள்வியும் புதிர் அல்ல. சில கேள்விகள் உங்கள் மனதைப் பார்க்கக் கேட்பவை. இரண்டு, ஒரு கேள்வியில் சறுக்கினால் எல்லாம் முடிந்து விடாது. அதையே நினைத்துக் கொண்டு அடுத்த கேள்வியையும் கெடுத்துக் கொள்ளாதீர்கள்.

விநோதக் கேள்விகள் நான்கு வகை

கேள்வியைக் கேட்டதும் அது எந்த வகை என்று அடையாளம் கண்டு விட்டால் பாதி வேலை முடிந்தது.

1. உத்தேசக் கணக்கு: எத்தனை, எவ்வளவு என்று கேட்பவை.
2. புதிர்: ஒரே ஒரு சரியான விடை உள்ளவை.
3. கற்பனைக் கேள்வி: பல விடைகள் இருக்கக் கூடியவை.
4. மனதைப் பார்க்கும் கேள்வி: 'நீங்கள் ஒரு விலங்காக இருந்தால்?', 'அந்த இடத்தில் நீங்கள் இருந்தால்?' போன்றவை.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. உத்தேசக் கணக்கு

இந்த வகைக்கு இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1945 ஜூலை 16ல் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, காற்றழுத்த அலை வந்த நேரத்தில் அவர் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விட்டார். அவை எவ்வளவு தூரம் தள்ளிப் போய் விழுந்தன என்பதை வைத்து, வெடிப்பின் சக்தி சுமார் 10,000 டன் டி.என்.டி. என்று மதிப்பிட்டார். உண்மையான அளவு அதைப் போல் இரு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் காகிதத் துண்டுகளை மட்டும் வைத்துக் கொண்டு அவ்வளவு நெருங்கி விட்டார். இதுதான் உத்தேசக் கணக்கின் பலம். விடை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஆயிரமா, லட்சமா, கோடியா என்ற அளவு சரியாக இருந்தால் போதும்.

இப்போது ரஞ்சன்குடி கோட்டைக்கு வருவோம். பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கி.மீ. தூரத்தில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. 17ம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபின் கீழ் இருந்த ஜாகீர்தார் கட்டியது. வெட்டிய கற்களால் ஆன கோட்டை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நிலைகளில் அமைந்திருக்கிறது. சுற்றிலும் அகழி. எத்தனை கல்?

சத்தமாக யோசியுங்கள். இப்படிச் சொல்லலாம்:

"வெளிச் சுவரின் சுற்றளவு 1 கி.மீ. என்று வைத்துக் கொள்கிறேன். சராசரி உயரம் 6 மீட்டர் என்று கொள்கிறேன். அப்படியானால் சுவரின் ஒரு முகம் 6,000 சதுர மீட்டர். ஒரு கல்லின் முகம் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம் என்றால் 0.18 சதுர மீட்டர். 6,000ஐ 0.18ஆல் வகுத்தால் சுமார் 33,000 கற்கள். சுவருக்கு வெளி முகம், உள் முகம் என இரண்டு உண்டு, எனவே 66,000. நடுவில் மண்ணும் சிறு கல்லும் நிரப்பியிருப்பார்கள் என்று விட்டு விடுகிறேன். மேலே உள்ள மற்ற இரண்டு நிலைகளும் சிறியவை. இரண்டும் சேர்ந்து வெளிச் சுவர் அளவு வரும் என்று கொள்கிறேன். ஆக, சுமார் 1,30,000 கற்கள்."

இவை அளந்து எடுத்த அளவுகள் அல்ல, நாம் வைத்துக் கொண்டவை. கேட்டவருக்கும் சரியான எண்ணிக்கை தெரியாது. அவர் பார்ப்பது, பெரிய கேள்வியைச் சிறு சிறு கேள்விகளாக உடைக்கிறீர்களா, எதை அனுமானமாக வைத்துக் கொண்டீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறீர்களா, கடைசியில் வந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று சரி பார்க்கிறீர்களா என்பதைத்தான். 'சுற்றளவு அரை கிலோ மீட்டர்தான் என்றால்?' என்று அவர் இடைமறித்தால் கலங்க வேண்டாம். 'அப்படியானால் விடையும் ஏறக்குறைய பாதியாகும் சார்' என்று சொல்லுங்கள். கணக்கை நீங்கள்தான் கட்டினீர்கள் என்பது அப்போது அவருக்கு உறுதியாகி விடும்.

இதைக் கம்ப்யூட்டரில் பழகுங்கள்

எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கூகுள் ஷீட்ஸ் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இரண்டும் இலவசம். கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் எத்தனை செல்போன் ரிப்பேர் கடைகள் இருக்கும்? இடது பக்கக் காலத்தில் விவரத்தையும், வலது பக்கக் காலத்தில் எண்ணையும் டைப் செய்யுங்கள்.

மக்கள்தொகை (2011 கணக்கெடுப்பின்படி, சுமாராக): 5,65,000
ஒரு வீட்டுக்கு 4 பேர் என்றால், வீடுகள்: 1,41,000
வீட்டுக்கு 2 செல்போன் என்றால், போன்கள்: 2,82,000
ஒரு போன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ரிப்பேர் என்றால், ஒரு வருடத்தில் வரும் ரிப்பேர்கள்: 1,41,000
ஒரு கடையில் நாளுக்கு 5 ரிப்பேர், வருடத்துக்கு 300 நாள் என்றால், ஒரு கடை செய்வது: 1,500
தேவையான கடைகள்: 1,41,000ஐ 1,500ஆல் வகுக்க, சுமார் 94

எண்களை நேரடியாக டைப் செய்யாமல், சமக் குறி போட்டு ஃபார்முலாவாகக் கொடுங்கள். பிறகு 'வீட்டுக்கு 2 போன்' என்பதை 3 ஆக மாற்றிப் பாருங்கள். கீழே உள்ள எண்கள் தானாகவே மாறி, கடைசி விடை சுமார் 140 ஆகி விடும். எந்த அனுமானத்தை மாற்றினால் விடை அதிகமாக ஆடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். எக்ஸெல் பாடமும் ஆயிற்று, இண்டர்வியூ பயிற்சியும் ஆயிற்று. இதே போல் உங்கள் ஊர் டீக்கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பஸ் என்று கணக்குப் போடுங்கள். இவற்றை நேரில் போய் எண்ணிச் சரி பார்க்கவும் முடியும் என்பது கூடுதல் லாபம்.

2. புதிர்

வட்ட மூடிக்கு விடை: வட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அகலம் ஒன்றுதான். எனவே மூடி துளைக்குள் விழாது. 2 அடி சதுர மூடி என்றால் அதன் மூலைவிட்டம் சுமார் 2.8 அடி, செங்குத்தாக நிமிர்த்தித் திருப்பினால் உள்ளே விழுந்து விடும். தவிர, வட்ட மூடியை உருட்டிக் கொண்டு போகலாம், எப்படி வைத்தாலும் பொருந்தும். இப்படி ஒன்றுக்கு மேல் காரணம் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்தது எடைப் புதிர். ஒன்பது மூட்டை சின்ன வெங்காயம் இருக்கிறது. எட்டு மூட்டைகள் ஒரே எடை. ஒன்று மட்டும் குறைவு. படிக்கல் கிடையாது, தராசு மட்டும் உண்டு. இரண்டே நிறுவையில் குறைந்த மூட்டையைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். மும்மூன்றாகப் பிரியுங்கள். ஒரு மூன்றை ஒரு தட்டிலும் இன்னொரு மூன்றை மறு தட்டிலும் வையுங்கள். எந்தத் தட்டு மேலே போகிறதோ அந்த மூன்றில் இருக்கிறது. சமமாக நின்றால் வெளியே உள்ள மூன்றில் இருக்கிறது. இரண்டாவது நிறுவையில் அந்த மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பாருங்கள். விடை கிடைத்து விடும்.

கம்ப்யூட்டர் தேடும் முறையும் இதற்கு உறவுதான். 1 முதல் 1,000 வரை நான் ஓர் எண்ணை நினைத்துக் கொள்கிறேன். 'ஆம், இல்லை' என்று மட்டும் சொல்வேன். எத்தனை கேள்வியில் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டால் ஆயிரம் வரை போகும். '500க்கு மேலா?' என்று பாதியாக வெட்டிக் கொண்டே போனால் பத்துக் கேள்வி போதும். ஏனென்றால் 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைக் கம்ப்யூட்டர் தேடுவதற்கு இந்த வழி உண்டு.

மூன்றாவது, பழைய பல்பு புதிர். அறைக்கு வெளியே மூன்று சுவிட்ச். உள்ளே ஒரு பல்பு. ஒரே ஒரு முறைதான் உள்ளே போகலாம். எந்த சுவிட்ச் என்று எப்படிச் சொல்வீர்கள்? முதல் சுவிட்சைப் போட்டுச் சில நிமிடம் விட்டு அணைத்து விட்டு, இரண்டாவதைப் போட்டு உள்ளே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது. எரியாமல் சுட்டால் முதலாவது. எரியாமலும் சுடாமலும் இருந்தால் மூன்றாவது. ஆனால் இது குண்டு பல்பு காலத்துப் புதிர். இன்று பெரும்பாலும் எல்.இ.டி. பல்புதான். அதில் சூடு மிகக் குறைவு, அதுவும் அடிப் பக்கத்தில்தான் தெரியும். எனவே, 'உள்ளே இருப்பது குண்டு பல்பா, எல்.இ.டி.யா சார்?' என்று முதலில் கேட்பவர், விடையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவரை விட நிச்சயம் ஒரு படி மேல்.

புதிர் ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால்? தெரியாதது போல நடிக்க வேண்டாம். 'இதை முன்பே படித்திருக்கிறேன்' என்று சொல்லி விடுங்கள். நேர்மைக்கு மதிப்பு உண்டு. அவர் வேறு கேள்வி கேட்கலாம், அல்லது அதையே விளக்கச் சொல்லலாம்.

3. கற்பனைக் கேள்வி

'ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம்?' ஜே.பி. கில்ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1960களில் பிரபலப்படுத்திய சோதனை முறை இது. இதில் எண்ணிக்கை மட்டும் முக்கியமல்ல. எத்தனை வெவ்வேறு வகை என்பது முக்கியம். வீடு கட்டலாம், சுவர் கட்டலாம், திண்ணை கட்டலாம் என்பது மூன்று பதில் போலத் தெரிந்தாலும் ஒரே வகைதான்.

ஒரு வழி சொல்கிறேன். பொருளின் குணங்களை முதலில் பிரித்துக் கொள்ளுங்கள். வெங்காயச் சாக்கை எடுத்துக் கொள்வோம். அதில் ஓட்டைகள் உண்டு: சலிக்கலாம், காற்றாட எதையும் காய வைக்கலாம். இழுத்தால் தாங்கும்: கயிறாகத் திரிக்கலாம். லேசானது: செடிக்கு நிழல் கட்டலாம். சொரசொரப்பானது: பாத்திரம் தேய்க்கலாம். மடித்துச் சுருட்டலாம்: மழையில் வழுக்காமல் வாசலில் போடலாம். குணம் மாற மாற வகையும் மாறும்.

இதே வகையில் 'உங்கள் ஊர்க் கோட்டைக்குப் பத்து மடங்கு பேர் வர என்ன செய்வீர்கள்?' என்றும் கேட்கலாம். இங்கே உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு தெரியும் என்பது உதவும். ரஞ்சன்குடி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். எனவே இஷ்டத்துக்குக் கடை கட்டவோ பெயிண்ட் அடிக்கவோ முடியாது. 1751ல் இந்தப் பகுதியில் நடந்த வாலிகண்டபுரம் போரில், முகமது அலிக்கு ஆங்கிலேயரும் சந்தா சாகிப்புக்கு பிரெஞ்சுக்காரரும் துணையாக நின்றார்கள். நெடுஞ்சாலையில் போகிறவர்களை அரை மணி நேரம் நிறுத்த இந்தக் கதை போதாதா? கோட்டையைத் தொடாமல், செல்போனில் கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்தால் தமிழில் கதை சொல்லும் ஆடியோ வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், கற்பனையும் இருக்கிறது, சட்டமும் தெரிந்திருக்கிறது, தொழில்நுட்பமும் இருக்கிறது. செய்ய முடியாத பத்து யோசனைகளை விட, செய்யக் கூடிய இந்த ஒன்று மேல்.

4. மனதைப் பார்க்கும் கேள்வி

'நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் எந்த விலங்கு?' இதற்குச் சரியான விலங்கு என்று ஒன்று கிடையாது. எதைச் சொன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் வேலைக்குப் பொருந்த வேண்டும். 'எறும்பு. ஒரு வழி அடைபட்டால் நின்று விடாமல் சுற்றிப் போகும். டெஸ்டிங் வேலைக்கு அந்தக் குணம் வேண்டும் என்று நினைக்கிறேன்' என்றால் போதும். மூன்று வாக்கியத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

'இந்தப் பேனாவை என்னிடம் விற்றுக் காட்டுங்கள்' என்றால், பேனாவின் பெருமையைப் பாட ஆரம்பிக்காதீர்கள். 'கடைசியாக எப்போது பேனாவால் எழுதினீர்கள் சார்? எதற்காக?' என்று கேளுங்கள். சந்தையில் நல்ல வியாபாரி முதலில் கேட்பதும் அதுதானே: 'எத்தனை பேருக்குச் சமையல், என்ன குழம்பு?' தேவை தெரிந்த பிறகுதான் சரக்கு.

அழுகிற குழந்தை போன்ற கேள்வி வந்தால் கணக்கைத் தள்ளி வையுங்கள். ஒரு நல்ல மனிதர் என்ன செய்வாரோ அதைச் சொல்லுங்கள்.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா?

நியாயமான கேள்வி. கூகுள் கம்பெனியில் ஆள் எடுக்கும் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013ல் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில் இதற்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற புதிர்கள் நேர விரயம் என்றும், ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை அவை காட்டுவதில்லை என்றும், கேட்பவருக்குத் தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக் கொள்ளத்தான் அவை உதவுகின்றன என்றும் சொன்னார். புதிர் தெரியாமல் விழித்ததால் வேலை கிடைக்காமல் போனவர்கள் இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் அறிவுக்கு அளவுகோல் அல்ல.

அப்படியானால் எது பயன் தரும்? எல்லோரிடமும் ஒரே மாதிரியான கேள்விகளை, ஒரே அளவுகோலில் கேட்பது என்றார் அவர். 'கடினமான ஒரு பிரச்சினையை நீங்கள் தீர்த்த சமயம் ஒன்றைச் சொல்லுங்கள்' என்பது போல. 1998ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முறையாகத் திட்டமிட்ட இண்டர்வியூவும், வேலையையே கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் முன் வரிசையில் வந்தன. நம் ஊரில் ஸோஹோ கம்பெனி, ப்ளஸ் டூ, டிப்ளமா முடித்த மாணவர்களைப் பயிற்சி கொடுத்து எடுத்துக் கொள்ளும் பள்ளியை 2000களின் நடுவில் தொடங்கியது. பட்டத்தை விட, செய்து காட்டும் திறனைப் பார்க்கும் வழி அது.

எனவே, புதிர்களைப் பழகுங்கள். ஆனால் அதைவிட முக்கியமாக, உங்கள் சொந்த அனுபவம் மூன்றைத் தயாராக வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு பகுதியாக எழுதுங்கள்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன. 'எனக்கு அனுபவமே இல்லையே' என்று சொல்லாதீர்கள். அப்பாவின் வெங்காய விற்பனைச் சீட்டுகளை எக்ஸெலில் ஏற்றி, கமிஷனும் வண்டி வாடகையும் போக எந்த மார்க்கெட்டில் அதிகம் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்திருந்தால், அது அருமையான அனுபவம். பட்டறை போட்டுக் காத்திருந்து விற்றது லாபமா, உடனே விற்றிருக்கலாமா என்று இரண்டு வருடக் கணக்கை ஒப்பிட்டிருந்தால், நகரத்துப் பிள்ளைகள் பலரால் சொல்ல முடியாத பதில் உங்களிடம் இருக்கிறது. இதுவரை செய்யவில்லையா? கம்ப்யூட்டர் வீட்டில்தானே இருக்கிறது, இந்த மாதமே செய்யுங்கள்.

அந்த முதல் ஒரு நிமிடம்

கேள்வி விழுந்ததும் செய்ய வேண்டியவை இவை:

* உடனே பதில் சொல்ல வேண்டாம். 'ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லலாமா சார்?' என்று கேளுங்கள். யாரும் மறுப்பதில்லை.
* கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, புரிந்தது சரிதானா என்று உறுதி செய்யுங்கள். ஆங்கிலத்தில் கேட்கும்போது இது மிக அவசியம்.
* சந்தேகம் இருந்தால் ஓரிரு கேள்விகள் கேளுங்கள். பல்பு புதிரை நினைத்துக் கொள்ளுங்கள்.
* பேப்பர், பேனா கேட்டு எழுதிக் காட்டுங்கள்.
* மனதுக்குள் மட்டும் யோசிக்காமல், வழியைச் சொல்லிக் கொண்டே போங்கள். பாதி வழியில் தவறு தெரிந்தால், 'இங்கே ஒன்றை விட்டு விட்டேன், திருத்திக் கொள்கிறேன்' என்று சொல்லித் தொடருங்கள்.
* ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காவிட்டால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். தேவைப்பட்டால், தமிழில் விளக்கலாமா என்று கேட்பதில் குற்றமில்லை.

வீட்டிலேயே ஒத்திகை

விண்டோஸில் கேமரா என்ற புரோகிராம் இருக்கிறது. லேப்டாப்பில் அதைத் திறந்து, ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு, மூன்று நிமிடம் பதில் பேசி வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். வெப்கேமரா இல்லாத டெஸ்க்டாப் என்றால் செல்போனில் பதிவு செய்யலாம். பிறகு போட்டுப் பாருங்கள். எத்தனை முறை 'அது வந்து' என்று இழுக்கிறீர்கள், கண் எங்கே போகிறது, எங்கே அவசரப்படுகிறீர்கள் என்பதெல்லாம் தெரியும். நாளுக்கு ஒரு கேள்வி என்று பதினைந்து நாள் செய்தால் முதல் நாள் வீடியோவுக்கும் கடைசி நாள் வீடியோவுக்கும் வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏ.ஐ. புரோகிராம்களிடம் தமிழிலேயே, 'நீ ஓர் இண்டர்வியூ அதிகாரி. உத்தேசக் கணக்குக் கேள்வி ஒன்று கேள். நான் பதில் சொன்ன பிறகு, எந்த அனுமானம் பலவீனமானது என்று மட்டும் சொல்' என்று டைப் செய்து பழகலாம். முதலிலேயே விடையைக் கேட்டு விட்டால் பயிற்சி வீண். அவை சொல்லும் கணக்கும் சில சமயம் தவறும். கால்குலேட்டரில் சரி பாருங்கள்.

ஆன்லைன் இண்டர்வியூவில் மட்டும் இந்த வேலை வேண்டாம். கேள்வியை இன்னொரு விண்டோவில் போட்டு விடையைப் படித்தால், கண் பக்கவாட்டில் ஓடுவது எதிரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக் கொள்வீர்கள். அதற்குப் பதிலாக, கேமரா கண் மட்டத்தில் இருக்கிறதா, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறதா, இண்டர்நெட் நின்றால் செல்போன் ஹாட்ஸ்பாட் தயாரா என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை

'இண்டர்வியூவில் தேர்வாகி விட்டீர்கள், டெபாசிட் கட்டுங்கள்' என்று யாராவது பணம் கேட்டால், அது வேலை அல்ல, மோசடி. முறையான கம்பெனி வேலைக்குப் பணம் வாங்காது. ஏமாந்து பணம் கட்டி விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

செலவில்லாமல் பயிற்சி வேண்டும் என்பவர்கள், 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தைப் பற்றி உங்கள் கல்லூரியில் விசாரியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இன்றே செய்ய மூன்று கேள்விகள். விடையை நாங்கள் தரப் போவதில்லை. ஒன்று: உங்கள் ஊர் ஏரி நிரம்பியிருக்கும்போது எத்தனை டேங்கர் லாரித் தண்ணீர் இருக்கும்? இரண்டு: பழுதான சி.டி. ஒன்றை ஐந்து வெவ்வேறு வகையில் எப்படிப் பயன்படுத்துவீர்கள்? மூன்று: பார்வையில்லாத ஒருவருக்குக் கம்ப்யூட்டர் மவுஸ் என்றால் என்ன என்று எப்படி விளக்குவீர்கள்? நோட்பேடைத் திறந்து, முதலில் உங்கள் அனுமானங்களை எழுதத் தொடங்குங்கள்.